அம்மன் காசுக்கு ஜாமீன்

வங்கியில் எனக்கு இப்போது நாற்காலி போடுகிறார்கள். எங்கள் மலை டவுனான தானா ராத்தாவில் அந்தக் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு நான் நுழைந்தால் போதும், உள்ளே இருக்கும் பெண் எழுந்து வந்து, "உக்காருங்க பாஸ், காப்பியா டீயா?" என்று கேட்பாள். தேயிலைக் காட்டில் பிறந்தவனிடம் டீயா என்று கேட்கிறாளே என்று நினைத்துக்கொண்டு காப்பி சொல்வேன். பெர்த்தாம் பள்ளத்தாக்கில் ஆறு ஏக்கரில் முட்டைக்கோஸும் தக்காளியும் போட்டிருக்கிறேன். ஜொகூர் வரைக்கும் காய்கறி ஏற்றிப் போகும் லோரி நான்கு நிற்கிறது. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுதினால் அது பொய். பெருமைக்காகத்தான் சொல்கிறேன். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நான்காம் வகுப்போடு நின்றவன் நான். என்னோடு உட்கார்ந்து மேலே மேலே படித்தவர்கள் இன்று வீடு மாற்ற என்னிடம்தான் லோரி கேட்கிறார்கள்.

நாற்பது வருஷத்துக்கு முன்னால் இதே ஊரில் ஒரு வங்கியில் நான் நின்றிருக்கிறேன். அங்கேயும் நாற்காலி இருந்தது. உட்காரச் சொல்லத்தான் ஆள் இல்லை. பழைய லோரி ஒன்று விலைக்கு வந்திருந்தது. முன்பணம் எண்ணூறு வெள்ளி, எங்கள் மலாய் நாட்டுப் பணத்தில். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் என் செருப்பில் ஒட்டியிருந்த சேற்றைப் பார்த்துக்கொண்டே, சம்பளச் சீட்டு உண்டா, நிலம் உண்டா, ஜாமீன் போட ஆள் உண்டா என்று வரிசையாகக் கேட்டார். அதெல்லாம் இருந்தால் நான் ஏன் சார் உங்களிடம் வருகிறேன் என்றேன். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

அந்த எண்ணூறு வெள்ளியை எனக்குக் கொடுத்தது எங்கள் தோட்டத்து மாரியம்மன்.

கதை கட்டுகிறேன் என்று நினைக்க வேண்டாம். எங்கள் தோட்டத்தில் அப்படி ஒரு வழக்கம் உண்டு. சித்திரைத் திருவிழாவுக்கு வீட்டுக்கு இவ்வளவு என்று வரி போடுவோம். திருவிழா முடிந்து, செலவெல்லாம் போக மிஞ்சும் பணத்தை மஞ்சள் துணியில் முடிந்து, கருவறைக்குப் பின்னால் உள்ள இரும்புப் பெட்டியில் வைத்துவிடுவார்கள். வருஷத்தில் எந்த நாளில் யாருக்குத் தேவை வந்தாலும் பண்டாரத்திடம் சொன்னால் போதும். பண்டாரம் என்றால் எங்கள் கோயில் பூசாரி. அவரும் பொருளாளரும் மட்டும் பக்கத்தில் இருப்பார்கள். தட்டில் கற்பூரம் எரியும். அதை உள்ளங்கையால் அணைத்து, "அடுத்த காப்புக்கட்டுக்குள்ள கொண்டாந்து வச்சிடுறேன் ஆத்தா" என்று சத்தியம் செய்துவிட்டு, கேட்ட பணத்தை எடுத்துக்கொண்டு போகலாம். காப்புக்கட்டு என்பது திருவிழாவின் முதல் நாள். வட்டி கிடையாது, திருப்பி வைக்கும்போது மனசுக்குப் பட்டதைக் காணிக்கையாகச் சேர்த்து வைத்தால் சரி. எதற்கு என்று கேட்கக் கூடாது. யார் வாங்கினார் என்று வெளியில் சொல்லக் கூடாது. புத்தகமும் கிடையாது, பேனாவும் கிடையாது. இதற்குப் பெயர் அம்மன் காசு.

என் முதல் லோரி அம்மன் காசில் வந்தது. இதை எல்லோருக்கும் நானே சொன்னேன். அம்மனுக்கு நான் ஒரு வருஷமும் பாக்கி வைத்ததில்லை என்பதையும் சேர்த்துச் சொல்வேன். கோயில் கூட்டத்தில், கல்யாணப் பந்தியில், சாவு வீட்டில்கூடச் சொல்லியிருக்கிறேன். திருவிழாவில் தலையில் பரிவட்டம் கட்டி முதல் மரியாதை வாங்குகிற இடம் பல வருஷமாக என்னுடையதாக இருந்ததற்கு என் பணம் பாதி, இந்தப் பேச்சு பாதி.

போன வருஷம் எங்கள் பழைய லைனில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், இருந்த ஒரு அம்மாள் என்னைத் தேடி வந்தாள். எனக்கு நாலைந்து வயது இளையவள். நான் தங்கச்சி என்பேன், அவள் அண்ணே என்பாள். வேதக்காரக் குடும்பம். மலைச்சரிவில் இருக்கும் சின்ன மாதா கோயிலுக்கு ஞாயிறு தவறாமல் போகிறவள். முப்பத்தெட்டு வருஷம் அந்தத் தோட்டத்தில் கொழுந்து எடுத்தாள். கையால் கிள்ளிய காலம், கத்தரி வந்த காலம், இரண்டு பேர் தூக்கிப் பிடித்து வெட்டும் மெஷின் வந்த காலம், மூன்றையும் பார்த்துவிட்டாள். வேலை முடிந்தது. வேலை முடிந்தால் லைன் வீடும் முடிந்தது. மூன்று மாதத்தில் காலி செய்ய வேண்டும். அந்த வீட்டில் புதிதாக வந்திருக்கும் நேப்பாளத்து ஆட்கள் தங்க வேண்டும். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. நம் ஆட்களும் ஒரு காலத்தில் இப்படித்தான் வந்து இறங்கினார்கள்.

அவளுடைய சேமநிதிப் பணம் புருஷனின் சிறுநீரகத்துக்குப் போய், பிறகு புருஷனும் போய்விட்டார். மகள் ஈப்போவில் மாமியார் வீட்டில் ஒரு அறையில் இருக்கிறாள். இந்த நிலைமையில் அம்மாளுக்கு ஒரே ஒரு நல்லது நடந்தது. மலிவு விலை வீட்டுப் பட்டியலில் அவள் பெயர் வந்துவிட்டது. முன்பணம் நாலாயிரம் வெள்ளி. மீதியை மாதா மாதம் கட்டலாம். முன்பணத்தை மாதக் கடைசிக்குள் கட்டாவிட்டால் பட்டியலில் அடுத்த பெயரைக் கூப்பிடுவார்கள். கையில் ஆயிரத்து ஐந்நூறு வைத்திருந்தாள். அதில் இருநூறு அவர்கள் மாதா கோயில் சாமியார் தம் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தது. இரண்டாயிரத்து ஐந்நூறு குறைந்தது. மாதக் கடைசிக்குப் பத்தொன்பது நாள் இருந்தது.

"பேங்குல கேட்டுப் பாக்கலாம்னு இருக்கேன்ணே. ஒத்தையாப் போக ஒரு மாதிரியா இருக்கு."

"நான் வந்தா அவன் எந்திரிச்சு நிப்பான், வா" என்றேன்.

எழுந்துதான் நின்றான். எனக்குக் காப்பியும் வந்தது. தங்கச்சிக்கும் கேட்டார்கள், வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். அந்த இளம் அதிகாரி ரொம்ப மரியாதையான பையன், குறை சொல்ல முடியாது. அவளுடைய தாள்களைப் புரட்டினான். சம்பளச் சீட்டு போன மாதத்தோடு நின்றுவிட்டது. வயது அறுபதைத் தாண்டிவிட்டது. நாளையிலிருந்து பூத்தோட்டத்தில் செவ்வந்தி கட்டப் போகிறாள், தினக்கூலி. அதற்குச் சீட்டு கிடையாது.

"சிஸ்டம் ஏத்துக்காதுங்க பாஸ்" என்று என்னைப் பார்த்துச் சொன்னான். கடன் கேட்டவள் அவள். பதில் வந்தது எனக்கு.

"நான் சொல்றேன்ல தம்பி. முப்பத்தெட்டு வருசமா ஒரே எடத்துல வேலை பாத்தவ. இதைவிட என்ன நம்பிக்கை வேணும் ஒனக்கு?"

"நம்பிக்கை இருக்கு பாஸ். சிஸ்டத்துல அதுக்குக் கட்டம் இல்ல." கொஞ்சம் குரலை இறக்கி, "உங்களுக்கு வேணும்னா சொல்லுங்க. அம்பதாயிரம் வரைக்கும் இன்னிக்கே முடிச்சுத் தரேன்" என்றான்.

எனக்கு ஐம்பதாயிரம் எதற்கு? தேவை இல்லாதவனைத் தேடிப் பிடித்துக் கையில் திணிப்பார்கள். தேவை உள்ளவள் எதிரில் உட்கார்ந்திருந்தால் சிஸ்டம் என்று மெஷினைக் காட்டுவார்கள். இதற்குப் பெயர் நிதி நிர்வாகமாம். நான்காம் வகுப்புப் படித்தவனுக்கே புரிகிற அநியாயம், கழுத்தில் டை கட்டியவர்களுக்குப் புரியவில்லை.

வெளியே வந்து வண்டியைத் திறந்தேன். "இவனுங்க கெடக்குறானுங்க. ரெண்டாயிரத்து ஐந்நூறு என்ன பெரிய காசா? நான் தரேன். திருப்பிக்கூடக் குடுக்க வேணாம்" என்றேன்.

அவள் வண்டிக்குள் ஏறவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"வேணாம்ணே."

"ஏன், என் காசு என்ன செல்லாதா?"

"செல்லும். ஒங்க காசு செல்லும், அதுக்கப்புறம் ஒங்க வாயும் செல்லும். இன்னிக்கு வாங்குனேன்னா நாளைக்குத் தானா ராத்தா மார்க்கெட்ல தெரியும், அடுத்த நாளு கம்போங் ராஜா வரைக்கும் தெரியும். அந்த வீட்டுல நான் வெளக்கு ஏத்துனாக்கூட, இது நான் வாங்கிக் குடுத்த வீடுன்னு சொல்லுவீங்க. நெசமா இல்லையா?"

அறுபத்தெட்டு வயதில் இப்படி ஒருத்தி முகத்துக்கு நேராகச் சொல்லிக் கேட்டது அன்றைக்குத்தான். கோபம் வந்தது. கொஞ்ச நேரம் கழித்து, அவள் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை என்பதால்தான் கோபம் வருகிறது என்று தெரிந்தது.

"அப்ப ஆலோங்கிட்ட போறியா?" என்று கேட்டேன். ஆலோங் என்பவன் விளக்குக் கம்பத்தில் போன் நம்பர் ஒட்டி வைத்திருக்கும் வட்டிக்காரன். பத்து நாளைக்கு ஒரு வட்டி. கட்டாவிட்டால் வீட்டுக் கதவில் சிவப்புச் சாயம் ஊற்றுவான்.

"ஆலோங்கிட்ட போனா வீடே எதுக்கு?" என்றாள். பிறகு, கேட்கலாமா கூடாதா என்று யோசித்தவள் மாதிரி, "அம்மன் காசு எனக்குக் குடுப்பாங்களாண்ணே? நானும் கல்யாணம் ஆகி வந்த வருசத்துலேர்ந்து கோயில் வரி கட்டியிருக்கேன். எங்க வீட்டுக்காரரு வேணாம்பாரு. ஒரே லைன்ல இருந்துகிட்டு எப்படிக் கட்டாம இருக்குறதுன்னு நான்தான் கட்டுவேன். அம்மன் யாருகிட்டயும் சொல்ல மாட்டாங்கள்ல?"

முன்பென்றால் பண்டாரத்தின் காதில் சொன்னால் போதும். ஆனால் கோயிலுக்குப் புது நிர்வாகம் வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. செயலாளர் எங்கள் தோட்டத்துப் பையன்தான். கணக்குப் படித்துவிட்டு டவுனில் வேலை பார்க்கிறான். அவன் கெட்டவன் இல்லை. கூரை ஒழுகலை நிறுத்தியது அவன்தான். ஆனால் புத்தகம் இல்லாத பணத்தைப் பார்த்தால் அவனுக்குத் தூக்கம் வராது. பணத்தை எல்லாம் வங்கியில் நிரந்தர வைப்பில் போட வேண்டும், அதுவரைக்கும் யார் கேட்டாலும் கூட்டத்தில் வைத்துத்தான் தர வேண்டும் என்று தீர்மானம் போட்டிருந்தான். அம்மன் காசை மைக்கில் கேட்க வேண்டிய காலம் வந்துவிட்டது.

கூட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பூசை முடிந்து, கோயில் மண்டபத்தில் நடந்தது. முப்பது பேர் இருப்பார்கள். தங்கச்சி மாதா கோயிலில் பூசை முடித்து நேரே வந்திருந்தாள். கழுத்தில் ஜெபமாலையோடு, செருப்பைக் கழற்றிவிட்டு, மண்டபப் படியில் உட்கார்ந்திருந்தாள். உள்ளே வா என்று யாரும் கூப்பிடவில்லை. நானும் அப்போது கூப்பிடவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும்.

நான் எழுந்து விஷயத்தைச் சொன்னேன். தலைவர் என் வயதுக்காரர், ஒரே லைனில் வளர்ந்தவர், மச்சான் முறை. தாடையைத் தேய்த்துக்கொண்டே கேட்டார்.

"மச்சான், ஒனக்குத்தான் நாலு லோரி ஓடுதே. நீயே தூக்கிக் குடுத்துட்டுப் போறதுதானே லா? ஆத்தாவை ஏன் இழுக்குற?"

"என் காசு வேணாங்குது அந்தப் பொம்பள."

"ஏனாம்?"

"நான் சொல்லிக் காட்டுவேனாம்."

மண்டபமே சிரித்தது. பெண்கள் பக்கம்தான் அதிகம் சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன். வேறு என்ன செய்வது?

செயலாளர் சிரிக்கவில்லை. "அங்கிள், நான் வேண்டாம்னு சொல்லல. ஆனா மூணு விஷயம் பாக்கணும். ஒண்ணு, நம்ம பதிவுல இது கோயில் பணம். நாளைக்கு ஆடிட் வந்தா நான்தான் பதில் சொல்லணும். ரெண்டு, முன்னாடி வாங்கினதுல எவ்வளவு திரும்பி வந்துச்சு, எவ்வளவு வரலன்னு இங்க ஒருத்தருக்கும் தெரியாது. மூணு..." படிப்பக்கம் பார்த்துவிட்டு, "ஆன்ட்டி தப்பா எடுத்துக்கக் கூடாது. அவங்க நம்ம கோயில் கும்புடுறவங்க இல்ல. கற்பூரம் அணைச்சு சத்தியம் பண்ணுவாங்களா?"

படியிலிருந்து பதில் வந்தது. "மாட்டேன் தம்பி. எங்க மாதா மேலயே நான் சத்தியம் பண்ணினது கெடையாது."

"அப்ப எப்படிங்க குடுக்குறது?" என்று ஒருவர் கேட்டார். "சத்தியம் இல்லாம வாங்குறதுக்கு அம்மன் காசு என்ன போனஸா?"

கொஞ்ச நேரம் ஆளாளுக்குப் பேசினார்கள். வேதக்காரர்கள் வரி கட்டலாம், வாங்கக் கூடாதா என்று ஒரு அம்மாள் கேட்டாள். வரி திருவிழாச் சோற்றுக்கு, கடனுக்கு இல்லை என்று இன்னொருவர் சொன்னார். செயலாளர் கையைத் தூக்கி அமைதிப்படுத்தினான்.

"ஒரு வழி இருக்கு. அவங்களுக்காக வேற ஒருத்தர் ஜாமீனா கற்பூரம் அணைக்கலாம். ஆனா அம்மனுக்கு ஒரு வருஷமும் பாக்கி வைக்காத ஆளா இருக்கணும். அப்படி யாரு இருக்கா?" என்று கேட்டுவிட்டு, பதிலும் அவனே சொன்னான். "அங்கிள்தான் இருக்காரு. வருஷா வருஷம் நமக்கெல்லாம் சொல்றாருல்ல."

தலைவர் கை தட்டினார். "எந்திரி மச்சான். இதுக்குத்தானே பரிவட்டம் கட்டி வச்சிருக்கோம்."

எழுந்தேன். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் போனேன். பண்டாரம் தட்டைக் கொண்டுவந்தார். கற்பூரம் வைத்தார், பற்றவைத்தார். கிழவர், பேச்சு குறைவு. எரிகிற தட்டை என் முன்னால் நீட்டிவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

"யோசிச்சு வையிங்க" என்றார். எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

அந்த ஒரு வார்த்தை போதும். ஏனென்றால் அவருக்குத் தெரியும்.

பெர்த்தாமில் சேறு வந்த வருஷம். தண்ணீர் என்றால்கூட வடிந்துவிடும், வந்தது சேறு. முட்டைக்கோஸ் எங்கே, பிளாஸ்டிக் கூரை எங்கே, பம்பு எங்கே என்று தெரியாமல் எல்லாம் ஒரே நிறமாகக் கிடந்தது. அந்த வருஷம் நாற்றும் ஒரு பம்பு செட்டும் வாங்க அம்மனிடம் இரண்டாயிரம் எடுத்திருந்தேன். அடுத்த காப்புக்கட்டுக்கு வைக்க முடியவில்லை. அதற்கடுத்த காப்புக்கட்டுக்கும் முடியவில்லை. அப்போதிருந்த பொருளாளர் இப்போது இல்லை, போய்ச் சேர்ந்துவிட்டார். அவரிடம் போய்த் தலையைக் குனிந்து நின்றேன். "ஆத்தாளுக்கு என்ன அவசரம்? ஒனக்கு முடியுறப்போ கொண்டா" என்று சொல்லி அனுப்பினார். மூன்றாவது வருஷம் காணிக்கையோடு வைத்துவிட்டேன். ஆனால் அந்த இரண்டு வருஷமும் தலையில் பரிவட்டம் கட்டிக்கொண்டு முன்னால் நின்றேன். வெளியே யாருக்கும் தெரியாது. தெரியாததால் பாக்கியே இல்லாதவன் மாதிரி பேசிப் பேசி, கடைசியில் எனக்கே அது மறந்துபோயிருந்தது.

கற்பூரம் பாதி எரிந்திருந்தது. கை வைத்து ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. தங்கச்சிக்கு வீடு, எனக்கு மரியாதை. பொய் என்று பண்டாரத்தைத் தவிர யாருக்கும் தெரியப்போவதில்லை. அவரும் சொல்ல மாட்டார். நான் கடவுளுக்குப் பயந்தவன் என்று பெரிதாகச் சொல்லிக்கொள்ள மாட்டேன். ஆனால் அம்மனிடம் கடன் வாங்கிப் பிழைத்தவன், அம்மன் தட்டிலேயே பொய்ச் சத்தியம் வைப்பானா? லோரியில் எடைக்கல் மாற்றி வைத்தவனைக் கன்னத்தில் அறைந்தவன் நான்.

கையை எடுத்துக்கொண்டேன்.

"என்னால அணைக்க முடியாது. நான் ரெண்டு வருசம் பாக்கி வச்சவன்" என்றேன்.

தலைவர்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"என்னா மச்சான் சொல்ற? அந்த ரெண்டு வருசமும் பரிவட்டம் ஒனக்குத்தானே கட்டினோம்?"

"ஆமா. கட்டினீங்க, நானும் குனிஞ்சு காட்டினேன்."

"நாப்பது வருசம் நாப்பது வருசம்னு காது புளிச்சுப்போச்சேய்யா!" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார். சிரிப்பும் வந்தது, வசவும் வந்தது. செயலாளருக்கு மட்டும் முகம் தெளிந்தது. அவன் சொன்ன இரண்டாவது விஷயம் நிரூபணம் ஆகிவிட்டது அல்லவா?

"இதைத்தான் நான் சொல்றேன். கணக்கு இல்லன்னா இப்படித்தான் ஆகும். பணத்தை பேங்க்ல போட்டுடலாம்" என்றான்.

அப்போதுதான் எனக்குத் தலைக்கு ஏறியது. வெட்கப்பட வேண்டிய நேரம் என்று எனக்குத் தெரியும். நான் வெட்கப்படவில்லை. இன்றைக்கும் படவில்லை.

"தம்பி, ஒக்காரு. நான் பேசுறேன். அதே சேறு வந்த வருசத்துல நான் பேங்குக்கும் கடன்காரன். நாலு மாசம் கட்டலன்னதும் பேங்கு என்ன பண்ணுச்சு தெரியுமா? என் ரெண்டாவது லோரியை, சேறுகூடக் கழுவாம, கட்டி இழுத்துக்கிட்டுப் போச்சு. சட்டப்படி சரி. கணக்குப்படி ரொம்பச் சரி. அந்த லோரி இருந்திருந்தா நான் ஆறு மாசத்துல எந்திரிச்சிருப்பேன். ஆத்தா என்ன பண்ணுனா? ரெண்டு வருசம் சும்மா இருந்தா. லெட்டர் போடல. ஆள் அனுப்பல. அந்த ரெண்டாயிரத்துல வாங்குன பம்பு செட்டு மட்டும் சேத்துலேர்ந்து கெடைச்சுது. அதை வச்சுத்தான் மறுபடி நட்டேன். இன்னிக்கு இந்த மண்டபத்துக்கு டைல்ஸ் போட்டுக் குடுத்தேனே, அது யாரு பொறுத்ததால வந்துச்சு? பேங்கு பொறுத்ததாலயா, ஆத்தா பொறுத்ததாலயா?"

"அங்கிள், எல்லாரும் திருப்பித் தருவாங்கன்னு என்ன கேரண்டி?"

"ஒண்ணுமில்ல. கேரண்டி கேக்குறதுக்கு ஊரு பூரா பேங்கு இருக்கு. கேரண்டி இல்லாதவளுக்கு இது ஒண்ணுதான் இருக்கு. இதையும் கொண்டுபோய் அங்கயே போட்டுட்டா, அவன் அந்தக் காசை எடுத்து என்கிட்ட வந்து, அம்பதாயிரம் வேணுமா பாஸ்னு கேப்பான். ஆத்தா காசை எனக்கே வட்டிக்கு விடுவான். படியில ஒக்காந்திருக்குற பொம்பளைக்கு மெஷினைக் காட்டுவான். அதுக்கா நம்ம வீட்டுக்கு வீடு வரி வாங்குறோம்?"

யாரும் சிரிக்கவில்லை.

தலைவர் தொண்டையைச் செருமினார். "நீ பேசுறது இருக்கட்டும். ஆனா பாக்கி வச்சவனுக்கு முதல் மரியாதை கெடையாதுன்னு வழக்கம் இருக்கு மச்சான். நான் அதைச் சும்மா விட முடியாது."

"எடுத்துக்க. யாருக்கு வேணுமோ கட்டு. ஆனா பண்டாரம் கையில கற்பூரம் எரியுது. அதுக்குப் பதில் சொல்லு."

கற்பூரம் அதற்குள் எரிந்து அடங்கிவிட்டது. பண்டாரம் தட்டைத் திருப்பிப் பார்த்தார். யாரையும் கேட்கவில்லை. மண்டபத்தைத் தாண்டிப் படிவரைக்கும் நடந்து போய், அந்தத் தட்டை அவள் முன்னால் வைத்தார்.

"நீயே சொல்லும்மா. எப்பத் தருவ?"

தங்கச்சி எழுந்து நின்றாள். சேலைத் தலைப்பை இழுத்துத் தோளை மூடிக்கொண்டாள்.

"பூத்தோட்டத்துல ஒரு நாளைக்கு அம்பது வெள்ளி. மாசம் இருநூத்தம்பது எடுத்து வைப்பேன். காப்புக்கட்டுக்கு இன்னும் பத்து மாசம் இருக்கு. அதுக்குள்ள வச்சிடுவேன். சத்தியம் இல்ல. சொல்றேன், அவ்வளவுதான்."

"போதும்" என்றார் பண்டாரம்.

"ஐயா, சத்தியம் இல்லாம எப்படி..." என்று ஒருவர் ஆரம்பித்தார்.

"முப்பத்தேழு வருசமா இந்தத் தட்டை நான் பிடிக்கிறேன்" என்றார் அவர். "சத்தியம் பண்ணினவங்களையும் பாத்திருக்கேன்." என் பக்கம் திரும்பாமலே சொன்னார். மறுபடியும் சிரிப்பு வந்தது, இந்தத் தடவை கொஞ்சம் நல்ல சிரிப்பு.

செயலாளர் எழுந்தான். எதிர்க்கத்தான் போகிறான் என்று நினைத்தேன். பையிலிருந்து ஒரு தாளை எடுத்துக்கொண்டு அவளிடம் போனான்.

"ஆன்ட்டி, ரசீதுல மட்டும் ஒரு கையெழுத்துப் போட்டுடுங்க. எனக்காக."

"போடுறேன் தம்பி. அதுல தப்பு ஒண்ணும் இல்ல."

பெட்டியைத் திறந்து பணத்தை மஞ்சள் துணியோடு கொடுத்தார்கள். கை தூக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. வேண்டாம் என்று யாரும் சொல்லவும் இல்லை. பண்டாரம் திருநீற்றை எடுத்துவிட்டுத் தயங்கினார். அவள் அதை ஒரு தாளில் வாங்கி மடித்து, பணத்தோடு பையில் வைத்துக்கொண்டாள். நெற்றியில் பூசவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

மறுநாள் காலை நான்தான் அவளை வண்டியில் வீட்டு அலுவலகத்துக்கு அழைத்துப் போனேன். வழியெல்லாம் பனி. முந்தின நாள் நடந்ததைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பரிவட்டம் போனதற்கு வருத்தப்படுகிறேனா என்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன். கொஞ்சம் வருத்தம் இருந்தது.

கவுண்டரில் இருந்தது தலையில் துடோங் முக்காடு கட்டிய ஒரு மலாய்ப் பெண். பணத்தை எண்ணி வைத்துவிட்டு, விண்ணப்பப் பாரத்தைப் பேனாவால் நிரப்பிக்கொண்டே வந்தாள். பணம் எங்கிருந்து வந்தது என்று ஒரு கேள்வி இருந்தது. வங்கி, சேமநிதி, குடும்பம் என்று கட்டம் கட்டமாகப் போட்டிருந்தார்கள்.

"டுவிட் டாரி மானா, மாக்சிக்? பேங்க்?" என்றாள். எங்கிருந்து வந்த பணம் அம்மா, வங்கியா என்று கேட்கிறாள்.

"புக்கான் பேங்க்" என்றாள் தங்கச்சி. வங்கி இல்லை. "குயில்."

குயில் என்றால் மலாயில் கோயில். அந்தப் பெண் பேனாவை நிறுத்திவிட்டுத் தங்கச்சியின் கழுத்தைப் பார்த்தாள். ஜெபமாலை சட்டைக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது.

"மாக்சிக் கிறிஸ்தியான், கான்?"

"யா லா" என்றாள் அவள். கிறிஸ்தவள்தான், அதற்கென்ன என்கிற மாதிரி. பிறகு பணத்தின் மேல் விரலை வைத்து, "குயில் காமி" என்றாள். எங்கள் கோயில்.

அந்தப் பெண் கட்டங்களை இன்னொரு தடவை மேலிருந்து கீழே பார்த்தாள். கோயிலுக்கு அதில் கட்டம் இல்லை. கடைசியில் ஓரத்தில் இருந்த வெற்றிடத்தில் கையால் எழுதி, முத்திரை குத்தி, ரசீதைக் கிழித்து நீட்டினாள். வீட்டு எண் அதில் இருந்தது. தங்கச்சி அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.